38 பேரில் ஒருவர்தான்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். எண்களைக் கண்டால் கொஞ்சம் நின்று பார்க்கும் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. இன்றைய அஜெண்டாவில் நான்காவது விஷயம், இரவு டூட்டிக்குக் குடித்துவிட்டு வந்த செக்யூரிட்டியை என்ன செய்வது என்பது. அதற்கு நாம் கை தூக்குவதற்கு முன்னால், சில எண்களை உங்கள் முன் வைக்கிறேன்.

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நிறுவனம் நாடு முழுவதும் ஒரு கணக்கெடுப்பு நடத்தி, 2019-இல் அறிக்கை வெளியிட்டது. சுமார் 2 லட்சம் வீடுகளுக்குப் போய் விசாரித்திருக்கிறார்கள். அதன்படி, குடியால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுகிறவர்கள் 5.7 கோடி பேர். அவர்களில் 2.9 கோடி பேர் குடிக்கு அடிமையானவர்கள். அப்படி அடிமையானவர்களில் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்ததாகச் சொன்னவர்கள் 38 பேரில் ஒருவர். ஆஸ்பத்திரியில் தங்கி சிகிச்சை பெற்றவர்கள் 180 பேரில் ஒருவர்.

மற்ற 37 பேர் எங்கே? வீட்டில்தான் இருக்கிறார்கள். நமக்கு சர்க்கரை வந்தால் லிஃப்டில் பார்ப்பவரிடம்கூட அளவு சொல்கிறோம். பைபாஸ் ஆபரேஷன் என்றால் பத்து வீட்டிலிருந்து ஃபிளாஸ்க்கோடு போகிறோம். குடிநோய் என்றால் மட்டும் கதவைச் சாத்திக்கொள்கிறோம். வெளியே தெரிந்தால் பெண் கொடுக்க மாட்டார்கள், பிள்ளைகளைப் பேசுவார்கள் என்ற பயம். அதனால் வைத்தியம் செய்ய வேண்டிய வருடங்கள் வீணாகப் போகின்றன.

“வைத்தியம் பார்த்தாலும் என்ன, திரும்பவும் குடிக்கத்தானே போகிறான்” என்று ஒரு பேச்சு உண்டு. 2000-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவ சங்கத்தின் இதழில் ஒரு ஆய்வுக் கட்டுரை இதற்குப் பதில் சொன்னது. போதை நோயை சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா ஆகியவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மருந்தை விட்டுவிடுவது, நோய் மீண்டும் தலைதூக்குவது எல்லாம் இந்த நோய்களிலும் ஏறக்குறைய அதே அளவில் நடக்கிறது. பி.பி. மாத்திரையை நிறுத்திவிட்டுத் தலை சுற்றி விழுந்தவரை நாம் ஒழுக்கம் கெட்டவர் என்று சொல்வதில்லை. மறுபடி டாக்டரிடம் அழைத்துப் போகிறோம்.

இப்போது நம் நாட்டிலேயே நடந்த ஒரு ஆய்வுக்கு வருகிறேன். கோவாவில் சங்காத் என்ற தொண்டு நிறுவனமும் சில ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் செய்தது. அளவுக்கு மீறிக் குடிக்கும் 377 ஆண்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான மருத்துவ கவனிப்பு. இன்னொரு பிரிவுக்கு அதோடு சேர்த்து, அதிகபட்சம் நான்கு முறை உட்கார்ந்து பேசும் ஆலோசனை. பேசியவர்கள் மனநல டாக்டர்கள் இல்லை. பயிற்சி கொடுக்கப்பட்ட உள்ளூர்க்காரர்கள். குடிக்கத் தோன்றும்போது என்ன செய்வது, நண்பர் ஊற்றிக் கொடுத்தால் எப்படி மறுப்பது, வீட்டாரை எப்படித் துணைக்கு வைத்துக்கொள்வது, இவ்வளவுதான் பேச்சு. மூன்று மாதம் கழித்து, கடைசி 14 நாளில் தொடவே இல்லை என்றவர்கள் ஆலோசனை பெற்ற பிரிவில் 42 சதவீதம், மற்றதில் 18 சதவீதம். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் அந்த நன்மை நீடித்தது. லான்செட் இதழில் வந்த ஆய்வு இது. முற்றிய அடிமைநிலைக்கு இது மட்டும் போதாது. ஆனால் அந்த நிலைக்குப் போகும் முன்பே பிடித்தால், நான்கு முறை பொறுமையாகப் பேசுவதற்கே இவ்வளவு பலன்.

முற்றியவர்களுக்கு மருந்து உண்டு. 2023-இல் 118 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்ற இரண்டு மருந்துகளுக்கும் பலன் இருப்பது உறுதியானது. 11 பேர் அகாம்ப்ரோசேட் எடுத்துக்கொண்டால், இல்லாவிட்டால் திரும்பக் குடித்திருக்கக்கூடிய ஒருவர் தப்புகிறார். கேட்க சின்ன எண்ணாகத் தெரியும். அந்த ஒருவர் நம் வீட்டுப் பிள்ளை என்றால் அது சின்ன எண் இல்லை. சர்க்கரைக்குக் கொடுக்கும் செமாகுளூடைட் ஊசி குடிக்கும் ஆசையைக் குறைக்கிறது என்று 2025-இல் ஒரு ஆய்வு வந்தது. ஆனால் அதில் பங்கெடுத்தவர்கள் 48 பேர்தான். அதை நம்பி யாரும் கடைக்குப் போய் ஊசி வாங்க வேண்டாம்.

பணச் செலவில்லாத வழியும் இருக்கிறது. ஏ.ஏ. என்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குக் கட்டணம் கிடையாது. 10,000-க்கும் அதிகமானவர்கள் பங்கேற்ற 27 ஆய்வுகளை 2020-இல் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. குடியைத் தொடர்ந்து விட்டிருப்பதில், அந்த வழிக்கு முறையாகக் கொண்டுவரப்பட்டவர்கள் மற்ற சிகிச்சை பெற்றவர்களைவிட நன்றாகவே இருந்தார்கள்.

தாய்மார்களுக்கு இரண்டு எச்சரிக்கை. “அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்” என்று விளம்பரம் செய்கிறார்களே, அதை நம்பாதீர்கள். டைசல்ஃபிராம் என்ற மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் இறங்கி, உயிரே போகலாம். அதைச் சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, டாக்டர் மேற்பார்வையில்தான் கொடுக்க வேண்டும். இரண்டாவது, தினமும் நிறையக் குடிப்பவரிடம் திடீரென்று சத்தியம் வாங்கி நிறுத்த வைக்காதீர்கள். மாலை போடுவதற்காக நிறுத்தினாலும் இதேதான். முதல் சில நாட்களில் கை நடுக்கம், வலிப்பு, இல்லாத உருவம் தெரிவது, மனக்குழப்பம் வரலாம். அது பேய் பிடித்ததும் இல்லை, நடிப்பும் இல்லை. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். நிறுத்தத்தான் வேண்டும், டாக்டர் துணையோடு நிறுத்த வேண்டும்.

இப்போது நான்காவது விஷயம். குடித்துவிட்டு வந்தவரைக் கேட்டில் உட்கார வைக்கச் சொல்லவில்லை. நம் பாதுகாப்பு முக்கியம், அவருடைய பாதுகாப்பும்தான். ஆனால் ஏஜென்சிக்கு ஒரு போன் போட்டு ஆளை மாற்றிவிட்டால் பிரச்சினை நம் கேட்டிலிருந்து அடுத்த அபார்ட்மென்ட் கேட்டுக்குப் போகும். அவர் மனைவி நம் பி பிளாக்கில் மூன்று வீட்டில் வேலை செய்கிறவர் என்பதும் உங்களுக்குத் தெரியும். என் கோரிக்கை இது: அவரை டூட்டியிலிருந்து நிறுத்தி வையுங்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு ஒருவர் கூட்டிப் போவோம், நானே வருகிறேன். ஒரு மாதம் அந்த இடத்தை வேறு ஆளுக்கு நிரந்தரமாகக் கொடுக்க வேண்டாம். டாக்டர் சரி என்றால் பகல் டூட்டியில் திரும்ப எடுப்போம். சம்மதிக்காவிட்டால் உங்கள் முடிவுக்கு நானும் கை தூக்குகிறேன்.

இன்னொன்று. போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் எண் 14416. இந்த இரண்டையும் லிஃப்ட் உள்ளே ஒட்ட அனுமதி கேட்கிறேன். நோட்டீஸ் போர்டில் வேண்டாம். அங்கே நின்று குறித்துக்கொள்ள யாரும் வெட்கப்படுவார்கள். லிஃப்டில் தனியாகப் போகும்போது யாரும் பார்க்காமல் போனில் பதிந்துகொள்ளலாம்.