பாரடே ஏற்றிய மெழுகுவத்தி



விஞ்ஞானச் செய்முறை விளக்கம் என்றவுடன் உங்களுள் பலருக்கு நினைவில் எழுவது வெடியோசையும் புகையுமாகத்தான் இருக்கும். கண்ணாடிக் குடுவையில் ஏதோ பொங்குகிறது, நிறம் மாறுகிறது, ‘டமார்’ என்று ஓர் ஒலி, உடனே கைதட்டல். மறுநாள், “நேற்று என்ன நடந்தது?” என்று கேட்டால், “வெடித்தது” என்பதற்குமேல் ஒரு சொல்லும் வருவதில்லை. இத்தகைய வேடிக்கையை நான் இகழமாட்டேன். கண்ணைக் கவராத பாடம் கருத்தில் புகுவது அரிது. எனினும், கைதட்டல் ஓய்ந்த பிறகு பிள்ளையின் உள்ளத்தில் எஞ்சுவது என்ன என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். அதை நன்கு எண்ணிப் பார்த்த ஓர் ஆசிரியரைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

லண்டன் மாநகரில் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் விஞ்ஞான நிலையம் 1799-இல் நிறுவப்பட்டது. அங்கே 1825 முதல், கிறிஸ்துமஸ் விடுமுறைக் காலத்தில் சிறுவர் சிறுமியர்க்கெனச் செய்முறைகளோடு கூடிய சொற்பொழிவுகள் நடைபெற்று வருகின்றன. இரண்டாம் உலகப் போரை ஒட்டி 1939 முதல் 1942 வரை அவை நின்றிருந்தன. 1827-க்கும் 1861-க்கும் இடையில் 19 ஆண்டுகளின் விடுமுறைச் சொற்பொழிவுகளை மைக்கேல் பாரடே ஒருவரே நிகழ்த்தினார்.

பாரடே ஒரு கொல்லரின் மைந்தர். புத்தகம் கட்டும் தொழில் பயின்றவர். 1812-இல் இதே நிலையத்தில் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அவற்றைத் தம் கையாலேயே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டே அங்கு உதவியாளராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 21. அந்த வயதிலேயே, நண்பர் ஆபட்டுக்கு எழுதிய கடிதங்களில், சொற்பொழிவு மண்டபத்தின் அமைப்பு, காற்றோட்டம், வாயில்கள், பேசுவோனின் நடை ஆகியவற்றையெல்லாம் நுணுகி ஆராய்ந்திருக்கிறார்! மூச்சு முட்டும் அறையில் அமர்ந்திருப்பவனுக்கு எந்த அற்புதமும் அற்புதமாகத் தோன்றாது என்பதை உணர்ந்திருந்தார் போலும். நம் பள்ளிகளில் இன்றும் இதை நினைப்பார் சிலரே.

அவர் சொற்பொழிவுகளுள் மிகப் புகழ்பெற்றது, ‘ஒரு மெழுகுவத்தியின் ரசாயன வரலாறு’. 1848-லும், மீண்டும் 1860-61-லும் நிகழ்த்தினார். மின்சாரத்தில் மாபெரும் உண்மைகளைக் கண்டவர், பிள்ளைகளுக்காகத் தேர்ந்தது ஒரு மெழுகுவத்தியை! எரியும் வத்தியை மெல்ல ஊதி அணைக்கிறார். திரியிலிருந்து வெண்புகை இழையாக எழுகிறது. திரியைத் தொடாமல், இரண்டு மூன்று அங்குலம் தள்ளி அந்தப் புகையில் ஒரு நெருப்பைக் காட்டுகிறார். நெருப்பு புகை வழியே ஓடிச்சென்று திரியைப் பற்றிக்கொள்கிறது! மாயம் ஒன்றுமில்லை. அந்த வெண்புகை, ஆவியாகிக் குளிர்ந்த மெழுகே. சுடராய் எரிவது கட்டி மெழுகன்று, மெழுகின் ஆவி என்பதைப் பிள்ளைகள் கண்ணாலேயே கண்டுவிட்டார்கள்.

அடுத்தது இன்னும் வியப்பானது. பனிக்கட்டியும் உப்பும் நிறைந்த பாத்திரத்தைச் சுடருக்கு மேலே பிடிக்கிறார். பாத்திரத்தின் அடியில் ஈரம் படிகிறது, துளியாகத் திரள்கிறது. நெருப்பிலிருந்து நீர்! மெழுகிலுள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி நீராகியிருக்கிறது. “இது தண்ணீர்தான் என்று எப்படி நம்புவது?” என்று ஒரு பிள்ளை கேட்கலாமன்றோ? அதற்கு விடையாகப் பொட்டாசியம் என்னும் உலோகத்தை எடுக்கிறார். முதலில் அதை ஒரு கிண்ணத்து நீரில் இடுகிறார். ஊதாச் சுடரோடு எரிந்துகொண்டே மிதக்கிறது. பிறகு, மெழுகுவத்தி தந்த ஈரத்தில் இடுகிறார், அங்கும் தீப்பற்றுகிறது. (இதை ஆசிரியரின் துணையின்றி எவரும் செய்யலாகாது, கண்ணையும் கையையும் பொசுக்கிவிடும்.)

வெடிப்பை அவர் விலக்கினார் என்று எண்ணாதீர்கள். தடித்த வார்ப்பிரும்புக் குப்பிகளில் நீரை நிரப்பி, இறுக மூடி, உறைகலவையில் வைத்தார். நீர் பனிக்கட்டியாகி விரிந்தது, இரும்பு பிளந்தது. ஆனால் அந்த வெடிப்பு ஒரு வினாவுக்கு விடையாக வந்தது. நீர் உறையும்போது சுருங்குமா, விரியுமா என்னும் ஐயம் முன்னதாகவே பிள்ளைகள் மனத்தில் விதைக்கப்பட்டிருந்தது. வினா இல்லாமல் வெடித்திருந்தால் அது தீபாவளிப் பட்டாசு, அவ்வளவே. ஒரு செய்முறையின் உயிர், அது நிகழ்வதற்கு முந்திய அந்தச் சில நொடிகளில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. அந்த நொடிகளில் பிள்ளை தன் ஊகத்தைச் சொல்லிவிடவேண்டும். அவசரக்கார ஆசிரியர்கள் அதைத்தான் விழுங்கிவிடுகிறார்கள்.

இச்சொற்பொழிவுகளை வில்லியம் குரூக்ஸ் பதிப்பித்து 1861-இல் நூலாக வெளியிட்டார். அதன் ஆறாம் சொற்பொழிவில் பாரடே தெளிந்த சுண்ணாம்பு நீரை எடுத்துக்கொள்கிறார். எரியும் பொருளிலிருந்து வரும் கரியமிலவாயு அதைப் பால்போல் வெண்மையாக்கும் என்பதைப் பிள்ளைகள் முன்பே கண்டிருக்கிறார்கள். இப்போது அவர் நெருப்பை நாடவில்லை. ஒரு குழாயின் வழியே தம் மூச்சை அந்த நீரில் செலுத்துகிறார். நீர் வெண்மையாகிறது. ஒரு மனிதன் ஒரு நாளில் ஏறத்தாழ 7 அவுன்ஸ் கரியை இவ்வாறு கரியமிலவாயுவாக மாற்றுகிறான் என்று கணக்கும் சொல்கிறார். தங்கள் உடலுக்குள்ளும், சுடரில்லாமலே, ஒரு மெழுகுவத்தி ஓயாது எரிந்துகொண்டிருக்கிறது என்பதை அன்று அந்த மண்டபத்துப் பிள்ளைகள் கண்டார்கள்.