ஏவுதளமும் காட்டுத் தீயும்

விண்ணில் பறக்கும் ராக்கெட்டுக்கும் மண்ணில் மூளும் காட்டுத் தீக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். அமெரிக்காவில் கலிபோர்னியாக் கடற்கரையிலுள்ள வாண்டன்பர்க் தளத்தின் வரலாறு இதற்கு விடை கூறும்.

துருவங்களின் மேலாகச் சுற்றிவரும் செயற்கைக் கோள்களை அங்கிருந்து பசிபிக் கடலின் மேலாகத் தெற்கு நோக்கி ஏவுகின்றனர். தளத்தைச் சூழ்ந்திருப்பவையோ, மழையற்ற மாதங்களில் உலர்ந்து கிடக்கும் புதர்க்காடுகள். 2016 செப்டம்பர் 17 அன்று அங்கே மூண்ட தீ 12,000 ஏக்கருக்கும் மேல் பரவிற்று. மறுநாள் புறப்படவிருந்த அட்லஸ்-5 ராக்கெட் நிறுத்தப்பட்டது. ஏன்? ஏவும் வேளையில் காவல் நிற்க வேண்டிய தீயணைப்பு வீரர்கள் காட்டுத் தீயை எதிர்க்கச் சென்றிருந்தனர். பூமியைப் படம் பிடிக்கவிருந்த ‘வேர்ல்டுவியூ-4’ செயற்கைக் கோள் நவம்பர் 11 அன்றுதான் விண்ணேறியது.

எட்டு வாரங்கள் வீணாயினவே என்று வருந்துவோர், 1977 டிசம்பர் 20-ஐ நினைத்துப் பார்த்தல் வேண்டும். அன்று கடுங்காற்றில் மின்கம்பிகள் வீழ்ந்து அதே தளத்தில் தீ மூண்டது. தளத் தலைவர் கர்னல் ஜோசப் டர்னர், தீயணைப்புத் தலைவர் பில்லி பெல், அவருடைய துணைவர் யூஜின் கூப்பர் ஆகிய மூவரும் தீயிடைச் சிக்கி மாண்டனர். மண்வாரி இயந்திரம் ஓட்டிய ஒருவரும் தீப்புண்களால் பின்னர் உயிர் நீத்தார்.

ராக்கெட் புறப்பட இன்னொரு நாள் குறிக்கலாம். மாண்டவர்க்கு மறுநாள் இல்லை. தீயணைப்போர் திரும்பும் வரை காத்திருப்பதும் விண்வெளிப் பணியின் ஒரு கூறே ஆகும்.