கலைவாணரும் ஆண்மையும்

 

'ஆண்மை' என்னும் பொருள் பற்றி மாணவர்களுக்காகச் சிறிது நேரம் பேசவேண்டும் என்று நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். இத்தலைப்பைக் கேட்டதும் உங்களில் பலர்க்கு வாளேந்திய மன்னர்களும், மற்போர் வீரர்களும், தனியொருவராக நின்று பத்துப் பேரை வீழ்த்தும் திரைப்படக் கதாநாயகர்களும் நினைவுக்கு வரக்கூடும். என் நினைவுக்கு வந்தவரோ ஒரு நகைச்சுவை நடிகர். கலைவாணர் என்று தமிழ் மக்கள் போற்றிய என். எஸ். கிருஷ்ணன்தான் அவர். சிரிக்க வைப்பவருக்கும் ஆண்மைக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். அத்தொடர்பைக் கூறுவதே இன்று என் வேலை.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டு என்று வகுத்து, அவற்றுள் நகையை முதலில் வைத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடமை ஆகிய நான்கும் நகை பிறக்கும் இடங்கள் என்றும் கூறினார். அதற்கு உரை கண்ட பேராசிரியர், எள்ளலை மேலும் இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறார். ஒருவன் பிறரை இகழ்ந்து சிரிப்பது ஒன்று. பிறர் தன்னை இகழும்போது தானும் சிரிப்பது மற்றொன்று. முதல் வகைச் சிரிப்புக்கு எவ்விதத் துணிவும் வேண்டியதில்லை; எதிரே மெலிந்தவன் ஒருவன் இருந்தால் போதும். இரண்டாவது வகைச் சிரிப்புக்கு நெஞ்சுரம் வேண்டும். கலைவாணர் தம் கலைவாழ்வில் பெரும்பாலும் தேர்ந்துகொண்டது இந்த இரண்டாவது வகையைத்தான்.

அவர் 1908-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள், அந்நாளில் திருவிதாங்கூர் நாட்டைச் சேர்ந்திருந்த நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்தார். குடும்பம் வறுமையானது, ஆகவே பள்ளிப் படிப்பு நீளவில்லை. வில்லுப்பாட்டு அவருக்கு இளமையிலேயே கைவந்தது. பின்னர் டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்து நடிப்புப் பயின்றார். 1935-இல் 'மேனகா', 1936-இல் 'சதிலீலாவதி' ஆகிய படங்களின் வாயிலாகத் திரைக்கு வந்தார். அது முதல் அவருடைய நகைச்சுவைப் பகுதி இல்லாத படம் ஓடுவது அரிது என்று சொல்லும் அளவுக்குப் புகழ் வளர்ந்தது. பிறர் எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கும் நடிகராக அவர் நின்றுவிடவில்லை. தமக்குரிய காட்சிகளைத் தாமே அமைத்துக்கொண்டார். உடுமலை நாராயணகவியைப் போன்ற பாவலர்களின் துணையோடு, பாட்டாலும் கேள்வி பதிலாலும் மக்களுக்குச் செய்தி சொல்லும் ஒரு தனி முறையையே உருவாக்கினார். 1951-இல் 'மணமகள்', 1952-இல் 'பணம்' ஆகிய படங்களை இயக்கியும் இருக்கிறார்.

இனி, நம் பொருளுக்கு வருவோம். கலைவாணரும் அவருடைய துணைவியார் டி. ஏ. மதுரமும் இணைந்து நடித்த காட்சிகளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் தேடிப் பாருங்கள். பெருமை பேசிக்கொண்டு ஆண் உள்ளே வருவான். பெண் ஒரு கேள்வி கேட்பாள். அவன் மழுப்புவான். அவள் இன்னொரு கேள்வி கேட்பாள். இறுதியில் அவனுடைய பெருமை காற்றுப்போன பந்தாகிவிடும். கொட்டகையே சிரிக்கும். அச்சிரிப்பு யாரைப் பார்த்து? கணவன் என்ற காரணத்தால் தன்னை அறிவாளி என்று நினைத்துக்கொண்ட ஆணைப் பார்த்துத்தான். குடும்பத்தில் ஆணின் சொல்லே சட்டமாக இருந்த காலத்தில், அந்தத் தோல்வியைத் தம் முகத்தில் ஏற்று நடித்தவர் கலைவாணர். ஆயிரக்கணக்கான ஆண்கள் அவரைக் கண்டு சிரித்துக்கொண்டே தம்மையும் கண்டுகொண்டார்கள்.

அவரும் மதுரமும் விஞ்ஞானத்தைப் பற்றிப் பாடிய பாட்டு ஒன்று உண்டு. பொத்தானைத் தட்டினால் இட்டிலியும் காப்பியும் பக்கத்தில் வந்துவிட வேண்டும் என்று அதில் ஒரு கற்பனை. நாம் சிரித்துவிட்டு மறந்துவிடுகிறோம். ஆனால் விஞ்ஞானம் என்றால் போர்க்கருவிகள் என்று உலகமே எண்ணிய அந்த நாளில், அடுப்படியில் வேகும் பெண்ணின் உழைப்பைக் குறைப்பதும் விஞ்ஞானத்தின் கடமையே என்று அவர்கள் பாடினார்கள்.

மேலை நாட்டில் சார்லி சாப்ளினும் இவ்வழியே சென்றவர்தாம். 1931-இல் வந்த 'சிட்டி லைட்ஸ்' படத்தில், கண் தெரியாத பெண்ணுக்கு உதவப் பணம் தேடி, தன்னைவிடப் பன்மடங்கு வலியவனோடு குத்துச்சண்டை மேடையில் நிற்கிறான் அந்த எளிய நாடோடி. வெல்வது வலியவன்தான், ஆனால் படம் முடியும்போது நம் நெஞ்சில் நிற்பவன் தோற்றவனே.

எங்கள் சிதம்பரம் வட்டாரத்தைச் சேர்ந்த எவரும் கலைவாணரின் 'கிந்தனார்' கதையைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. தில்லைக்குப் போக விடை கேட்டு ஆண்டையிடம் மன்றாடிய நந்தனாரின் வரலாற்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனைகளாகப் பாடினார். அந்தக் கதாகாலட்சேப வடிவத்தையே எடுத்துக்கொண்டு, கலைவாணர் கிந்தனார் கதையைச் சொன்னார். அண்ணாதுரை உரையாடல் எழுதி 1949-இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்திலும் அது இடம்பெற்றது. நந்தன் கோயிலுக்குப் போக ஏங்கினான்; கிந்தன் பள்ளிக்கூடத்துக்குப் போக ஏங்குகிறான். நந்தன் தில்லைக்கு நடந்தான். கிந்தன் ரயிலேறி நகரத்துக்குப் போகிறான், கற்கிறான், உயர்கிறான். நம் கிந்தனின் வீரம் யாரையும் அடித்து வீழ்த்தியதில் இல்லை. புத்தகத்தை விடாமல் பிடித்துக்கொண்டதில் இருக்கிறது. அதே 'நல்லதம்பி' மதுவிலக்கையும் வற்புறுத்தியது. குடிப்பதே ஆண்பிள்ளைக்கு அழகு என்று எண்ணுகின்றவர்கள் இன்றும் இருக்கிறார்கள் அல்லவா? அவர்களுக்கு அவர் அன்றே விடை கூறிவிட்டார்.

கலைவாணரின் வாழ்க்கை மேடையைப் போல் எளிதாக அமையவில்லை. 1944 நவம்பரில் சென்னையில் லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகையாளர் கொலையுண்டார். அவ்வழக்கில் எம். கே. தியாகராஜ பாகவதரும் கலைவாணரும் கைதாகி, ஆயுள் தண்டனை பெற்றார்கள். உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, மறுபடியும் சென்னையில் விசாரிக்கப்பட்டு, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். அந்த இரண்டு ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் குடும்பத்தையும் நாடகக் குழுவையும் வழக்கையும் தாங்கி நின்றவர் மதுரம். எஸ். வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு நாடகங்களை நடத்தினார்; வழக்குக்குப் பணம் தேடினார். மேடையில் கணவனைக் கேள்வியால் வென்ற பெண், வாழ்க்கையில் அவரைச் சிறையிலிருந்தே மீட்டார் என்றால் மிகையாகாது.

மீண்டு வந்த கலைவாணர் என்ன செய்தார்? 1947-இல் வெளிவந்த, விதவை மறுமணத்தை வற்புறுத்திய 'பைத்தியக்காரன்' படத்தில், சிறைக்குப் போய் வந்தவர்களைப் பற்றித் தாமே பாடிச் சிரிக்க வைத்தார். பிறர் மறைக்க விரும்பும் இழிவை எடுத்துத் தம் கையாலேயே சிரிப்பாக்கினார். பேராசிரியர் கூறிய இரண்டாவது வகை நகைக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

மாற்றாரிடமும் அவர் இவ்வாறே நடந்துகொண்டார். 1957-ஆம் ஆண்டுத் தேர்தலில் காஞ்சிபுரத்தில் அண்ணாதுரைக்காகப் பேசச் சென்ற கலைவாணர், எதிர்த்து நின்ற மருத்துவரை மேடையில் மனமாரப் புகழ்ந்தாராம். கூட்டம் திகைத்தபோது, இவ்வளவு நல்ல மருத்துவரைச் சட்டசபைக்கு அனுப்பிவிட்டால் உங்களுக்கு வைத்தியம் பார்ப்பது யார், அவரை ஊரிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றாராம். பலரும் சொல்லிவரும் நிகழ்ச்சி இது. எதிரியைச் சிறிதும் புண்படுத்தாமல் வெல்ல முயன்ற அந்த நயத்தைப் பாருங்கள். வீரத்தின் கூர்மை, பகைவனுக்கும் அவன் இடரில் உதவுவதே என்னும் கருத்தை வள்ளுவர் படைச்செருக்கு அதிகாரத்தில் வைத்திருக்கிறார். 'பேராண்மை' என்ற பெருஞ்சொல்லை அவர் போர்க்களத்துக்கு மட்டும் கொடுத்துவிடவில்லை. பிறன் மனைவியை நாடாத அடக்கத்துக்கும் அதையே வழங்கினார்.

மாணவர்களே, ஒருவரைப் போற்றும்போது உண்மையை மறைத்தல் ஆசிரியனுக்கு அழகன்று. கலைவாணர் மதுரத்தை மணந்தபோது ஊரில் அவருக்கு முன்னரே மனைவி இருந்தார். அதை மதுரம் பின்னரே அறிந்தார் என்பது அவர் வரலாற்றில் உள்ளது. பெண்ணிடம் ஆண் உண்மையாக இருக்க வேண்டும் என்று நாம் இன்று கொள்ளும் அளவுகோலுக்கு இது பொருந்தாது. மேடையில் அவர் எள்ளிய ஆணின் குறை அவரிடமும் இருந்தது. அதனால் அவர் கூறிய கருத்து பொய்யாகிவிடுமா? ஆகாது. அதைப் பின்பற்றுவது எவ்வளவு கடினம் என்பதைத்தான் அது நமக்குக் காட்டுகிறது.

அந்தக் கடினத்தை நான் என் தொழிலில் கண்டவன். 1980-களின் பிற்பகுதியில், ஆசிரியப் பயிற்சி முடித்த புதிதில், இப்பகுதிப் பள்ளியொன்றில் எட்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒருநாள் கழிமுகக் குடியிருப்பிலிருந்து வரும் பையன் ஒருவன் பின்வரிசையில் அழுதுகொண்டிருந்தான். முதல் நாள் இரவு, குடித்துவிட்டு வந்த தந்தை வீட்டில் என்ன செய்தார் என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. "ஆம்பிளைப் பிள்ளை அழலாமாடா?" என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். மறுநாள் அவன் வரவில்லை. அதன் பிறகு வரவே இல்லை. வீடு தேடிப் போனபோது அவன் படகோடு போய்விட்டான் என்றார்கள். குழந்தை உளநூலைப் பயிற்சிக் கல்லூரியில் கற்றுத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றவன் நான். அன்று நான் எழுப்பிய சிரிப்பு, மெலிந்தவனை இகழும் முதல் வகைச் சிரிப்பு. ரயிலேற வேண்டிய கிந்தனை நான் நிலையத்திலிருந்தே திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு, வெளியூர் உறவினர் சிலரோடு பிச்சாவரத்துக் காட்டுக்குள் படகில் போனேன். வாய்க்கால் குறுகும் இடத்தில் சுரபுன்னைக் கிளைகள் நீரைத் தொடுமளவுக்குத் தாழ்ந்திருக்கும். "குனிஞ்சுக்குங்க சார்" என்றார் துடுப்புப் போட்டவர். குரலைக் கேட்டுத் திரும்பினேன். அவர்தான். என்னை அவர் ஏறும்போதே அறிந்துகொண்டிருந்தார். உறவினர்கள் முன்னிலையிலேயே, "அன்று நான் பேசியது தவறு தம்பி, மன்னித்துவிடு" என்று சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்குக் குரல் தழுதழுத்துவிட்டது. அவர் சிறிது நேரம் துடுப்பைப் போடாமல் நிறுத்தினார். பிறகு, "எம் பையன் அழுதா, அழட்டும்னு உட்டுடுவேன் சார். அப்புறமா என்னடான்னு கேப்பேன்" என்றார். அந்தப் பையன் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான்.

பயிற்சிக் கல்லூரி எனக்குக் கற்றுத்தர முயன்றதை, என்னால் படிப்பை இழந்தவர் ஒரு வாக்கியத்தில் கற்பித்துவிட்டார். அழுகிறவனிடம் முதலில் செய்யவேண்டியது அவனை அழ விடுவது. அடுத்து, காரணம் கேட்பது. இதற்குத் தோள்வலிமை வேண்டாம். பக்கத்தில் இருப்பவர்கள் சிரித்தாலும் சிரிக்கட்டும் என்ற துணிவு மட்டும் வேண்டும்.

கலைவாணர் 1957 ஆகஸ்டு 30-ஆம் நாள், நாற்பத்தொன்பது வயது நிறையும் முன்பே மறைந்தார். சென்னைத் தியாகராய நகரில் அவருடைய சிலையை 1969 ஜனவரியில் அண்ணாதுரை திறந்து வைத்தார்; அண்ணாதுரை கலந்துகொண்ட இறுதிப் பொதுநிகழ்ச்சி அதுவே என்பர். சென்னையில் கலைவாணர் அரங்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆயினும் சிலையும் அரங்கமும் மட்டும் அவருக்கு நினைவுச் சின்னங்கள் ஆகிவிட முடியாது.

இன்று உங்கள் ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. ஒருவனுடைய நடையை, நிறத்தை, பேச்சை, கண்ணீரை எள்ளி ஒரு நொடியில் ஊரெல்லாம் பரப்பிவிடலாம். அனுப்புவதற்குமுன், இது எந்த வகைச் சிரிப்பு என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். இளைஞர்களே, தோழியோ தங்கையோ உங்கள் பேச்சில் பிழை கண்டு கேட்டால், கலைவாணர் மதுரத்திடம் தோற்றதைப் போலச் சிரித்துக்கொண்டு தோற்றுப் பழகுங்கள். நங்கையரே, கேள்வி கேட்பதை நிறுத்தாதீர்கள்.

எங்கள் கழிமுகத்தில் எவ்வளவு உயரமானவனும் கிளை தாழ்ந்த இடத்தில் குனிந்துதான் போகவேண்டும். குனிய மறுப்பவனுக்கு நெற்றியில் அடி விழும். குனிந்தவன் படகோடு மறுகரை சேர்வான்.