பயம் பிறவிக் குணமா?
(ஒரு பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மனிதனுடைய பயத்தைப் பற்றியதாகும். பயம் என்பது ஒருவனுக்குள் எப்படி வந்து குடியேறுகிறது, குடியேறியதை வெளியேற்ற வழி உண்டா என்பதை மாத்திரம் சொல்லப் போகிறேன். நம் ஜனங்களில் யாரைக் கேட்டாலும், "அது அவன் பிறவிக் குணம், தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்று சொல்லிவிடுகிறார்கள். ஒரே மூச்சில் பிறவிக் குணம் என்றும் சொல்லி, தொட்டில் பழக்கம் என்றும் சொல்லுகிறார்களே, இரண்டும் ஒன்றா என்று யாராவது யோசித்ததுண்டா? பிறவியில் வந்தது வேறு. தொட்டிலில் பழகியது வேறு. பழகியதென்றால் பழக்கினவர் ஒருவர் இருக்க வேண்டுமல்லவா?

ரஷியாவில் பாவ்லாவ் என்ற விஞ்ஞானி நாயின் ஜீரணத்தை ஆராய்ந்து 1904-ல் நோபல் பரிசு பெற்றார். நாயின் வாயில் உணவு பட்டால் எச்சில் ஊறும். இதை அதற்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆனால் ஒரு சத்தத்தைக் கேட்கச் செய்து உடனே உணவு கொடுப்பது என்று பல தடவை செய்தால், பிறகு வெறுஞ் சத்தத்துக்கே எச்சில் ஊறுகிறது. உணவு கொடுக்காமலே அந்தச் சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்தால் எச்சிலும் குறைந்து போகிறது. ஆகவே சேர்ந்து வந்தது சேர்ந்தே பதிகிறது.

இதை மனிதனிடத்தில் காட்ட விரும்பியவர் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையிலிருந்த வாட்ஸன் என்பவர். அவரும் ரோஸலி ரேய்னர் என்ற அம்மையாரும் 1920-ல் ஒரு பரீட்சையை வெளியிட்டார்கள். ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் பிறர் குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் வேலையிலிருந்த ஒரு தாயின் ஆண் குழந்தையை எடுத்துக்கொண்டார்கள். ஆல்பெர்ட் என்று அதற்குப் பெயர் வைத்து எழுதினார்கள். ஒன்பது மாதத்தில் அதன் முன் வெள்ளெலி, முயல், நாய், குரங்கு இவற்றை விட்டுப் பார்த்தார்கள். எரிகிற காகிதத்தைக்கூடக் காட்டினார்கள். குழந்தை எதற்கும் பயப்படவில்லை. ஆனால் தலைக்குப் பின்னால் ஓர் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் ஓங்கி அடித்தால் மாத்திரம் திடுக்கிட்டு அழுதது.

பதினோரு மாதம் ஆனபோது, வெள்ளெலியை எதிரில் விட்டு, குழந்தை கையை நீட்டித் தொடும் சமயத்தில் கம்பியை அடித்தார்கள். ஒரு வார இடைவெளியில் இரண்டு நாட்களிலாக ஏழு தடவைதான் இப்படிச் செய்தார்கள். அதற்குப் பிறகு சத்தமே இல்லாமல் எலியைக் காட்டினால் போதும், குழந்தை அழுதுகொண்டு தவழ்ந்து ஓட ஆரம்பித்தது. அதோடு நிற்கவில்லை. முயலைக் கண்டும், நாயைக் கண்டும், ரோமச் சட்டையைக் கண்டும் கலங்கிற்று. விளையாட்டுக் கட்டைகளிடம் மாத்திரம் எப்போதும்போல் விளையாடியது.

தோழர்களே! இது நியாயமா என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை என்றுதான் நானும் சொல்லுவேன். அந்தத் தாய் குழந்தையை எடுத்துக்கொண்டு போகப்போகும் நாள் வாட்ஸனுக்கு முன்னமே தெரியும். தெரிந்தும் உண்டாக்கிய பயத்தை நீக்காமலே அனுப்பிவிட்டார். இன்று இப்படிப்பட்ட பரீட்சைக்கு எந்த யோக்கியமான சர்வகலாசாலையும் அனுமதி கொடாது. அன்றியும் ஒரே ஒரு குழந்தையை வைத்து எவ்வளவு பெரிய முடிவுக்கு வருவது? அக்குறிப்புகளை மறுபடியும் படித்துப் பார்த்த பிற்கால அறிஞர்கள், குழந்தையின் பயம் புத்தகங்களில் சொல்லப்படுகிற அளவுக்கு உறுதியானதல்ல என்றும் காட்டியிருக்கிறார்கள்.

ஆனால் வாட்ஸனைத் திட்டிவிட்டு நாம் வீட்டுக்குப் போய் என்ன செய்கிறோம்? சோறு தின்னாத குழந்தைக்குப் பூச்சாண்டி வருகிறான் என்கிறோம். தூங்காத குழந்தைக்கு இருட்டைக் காட்டுகிறோம். நம் கையில் சுத்தியலும் கம்பியும் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பிறகு அதே பிள்ளை பத்து வயதில் கொல்லைப்புறம் போக மாட்டேன் என்றால், "பிறவிக் கோழை" என்று நாமே பட்டம் கொடுக்கிறோம்.

இனி, வந்த பயத்தைப் போக்க முடியுமா என்பதுதான் முக்கியமான கேள்வி. இதற்குப் பதில் தேடியவர் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அம்மையார். அவருடைய ஆராய்ச்சி 1924-ல் வெளிவந்தது. எழுபது குழந்தைகளைப் பார்த்து, உலகத்தார் கையாளுகிற வழிகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார். பயப்படும் பொருளைக் கண்ணில் காட்டாமலே வைத்திருந்தால் பயம் தானாகப் போய்விடும் என்பார்கள், போகவில்லை. கேலி செய்தால் போகும் என்பார்கள். அதுவும் பலன் தரவில்லை. முயலுக்குப் பயந்த ஒரு சிறுமியிடம் தினம் பத்து நிமிஷம் வீதம் ஒரு வாரம் முயலைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லி, படமும் பொம்மையும் காட்டினார்கள். அவளும் நான் முயலைத் தொட்டேன், தடவினேன் என்றெல்லாம் பேசக் கற்றுக்கொண்டாள். நிஜ முயலைக் கொண்டுவந்ததும் பழைய பயந்தான்! மேடையேறிப் பேசுவதாலேயே எல்லாம் ஆகிவிடும் என்று நினைக்கிற என்போன்றவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

இரண்டு வழிகள் மாத்திரம் பலித்தன. ஒன்று, பயமில்லாத மற்றக் குழந்தைகளோடு சேர்த்து விடுவது. மற்றொன்று, பிடித்த தின்பண்டத்தைத் தின்றுகொண்டிருக்கும்போதே பயப்படும் பொருளைச் சிறிது சிறிதாகக் கிட்டக் கொண்டுவருவது. பீட்டர் என்று அவர் எழுதிய பையன், ஏறக்குறைய மூன்று வயது, முயலுக்கும் எலிக்கும் பஞ்சுக்கும் பறவை இறகுக்கும்கூடப் பயந்தவன். முதலில் கூண்டு முயல் அறைக்குள் இருந்தாலே ஆகாது. பிறகு 12 அடி தூரத்தில் சகித்தான், பிறகு 4 அடி, பிறகு 3 அடி. இடையில் சுரநோயால் ஆஸ்பத்திரிக்குப் போய், திரும்பும்போது ஒரு பெரிய நாய் பாய்ந்து மிரட்ட, சம்பாதித்த தைரியமெல்லாம் போய்விட்டது. அம்மையார் சலிக்காமல் தின்பண்டத்தோடு மறுபடி ஆரம்பித்தார். கடைசியில் முயல் தன் விரலைக் கொறிக்கும்படி விட்டு விளையாடினான். பஞ்சுக்கும் இறகுக்கும் இருந்த பயமும் கூடவே ஒழிந்தது. ஆனால் அவசரப்பட்டு முயலைச் சட்டென்று கிட்டக் கொண்டுபோனால், முயல் பயம் போவதற்குப் பதில் சோற்றின்மீதும் பயம் வந்துவிடும் என்று அம்மையார் எச்சரித்திருக்கிறார்.

அப்படியானால் எல்லாப் பயமும் கற்றதுதானா என்று சிலர் கேட்கலாம். அப்படியும் சொல்லிவிட முடியாது. பாம்புக்குப் பயப்படாமல் ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த குரங்குகளை வைத்து 1980-களில் சூசன் மினெக்கா என்ற அம்மையாரும் மற்றவர்களும் பரீட்சை செய்தார்கள். வேறொரு குரங்கு பாம்பைக் கண்டு நடுங்குகிற படத்தைக் காட்டினால் இவையும் பாம்புக்குப் பயப்படக் கற்றுக்கொண்டன. பூவைக் கண்டு நடுங்குவதுபோல் படத்தை ஒட்டிக் காட்டினாலோ, பூவுக்குப் பயப்படக் கற்கவில்லை. ஆகவே சில பயங்களுக்கு நிலம் முன்னமே உழுதிருக்கிறது. விதை வெளியிலிருந்து விழுகிறது. வெறுஞ் சிலேட்டுப் பலகைதான் குழந்தை என்று வாட்ஸன் பெருமையடித்தது அதிகப்படியான பேச்சு.

இன்று மனநோய் வைத்தியர்கள் பயத்துக்குச் செய்கிற முக்கிய சிகிச்சை, படிப்படியாகப் பக்கத்தில் கொண்டுபோகிற இந்த வழிதான். 1958-ல் ஜோசப் வோல்ப் என்பவர் இதைப் பெரியவர்களுக்கும் முறையாக வகுத்துப் புத்தகம் எழுதினார். பழைய பயம் அடியோடு அழிவதில்லை, புதுப் பழக்கம் அதன்மேல் ஏறி நிற்கிறது என்பதும் இப்போது தெரிந்திருக்கிறது. ஆதலால்தான் புது இடத்தில், புது அதிர்ச்சியில், பீட்டருக்கு நேர்ந்ததுபோல் அது தலைதூக்குகிறது. அதைக் கண்டு மருந்தே பொய் என்று விட்டுவிடாமல், பல இடங்களிலும் பல சமயங்களிலும் பழக்குகிறார்கள்.

நேரம் ஆகிவிட்டபடியால் இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளுகிறேன். இதில் ஒப்புக்கொள்ள முடியாதது எதுவாயினும், சந்தேகம் எதுவாயினும், தலைவர் அனுமதி பெற்று இங்கேயே எழுந்து கேட்கலாம்.