சாரத்துக்கும் ஒரு சிவப்பு விளக்கு

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் பாம்பன்காரன். எங்கள் ஊரில் வாடையும் கச்சானும் வீட்டு ஆட்கள் மாதிரி. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையும் ரயிலையும் பாலத்தையும் கொண்டுபோன கதையைக் கேட்டு வளர்ந்தவன். கடலில் விழுந்த கர்டர்களையும் மீட்டெடுத்து, 46 நாளில் பாலத்தை நிமிர்த்தினார்கள். பொறுப்பேற்ற பொறியாளர் ஸ்ரீதரனின் பெயர் நமக்குத் தெரியும். கடலுக்குள் நின்று கர்டர் தூக்கியவர்களின் பெயர்? யாருக்கும் தெரியாது.

அந்தப் பழைய பாலத்தில் காற்றுமானி ஒன்று இருந்தது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகிவிடும். ரயில் நின்றே ஆக வேண்டும். 'லேட்டாகுதே' என்று யாரும் வாதாட முடியாது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். ஊரும் கம்பெனியும் வேண்டாம். நாலு மாடிக் கட்டிடம், மறுநாள் கான்கிரீட். காலையிலேயே நல்ல காற்று. மேஸ்திரி வந்து, "சார், காத்து தூக்குது. வெளிச்சாரத்துல இன்னிக்கு ஆள் ஏத்த வேண்டாம்" என்றார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "சாயங்காலத்துக்குள்ள முடியணும் மேஸ்திரி" என்றேன்.

பத்தரை மணிக்கு சென்ட்ரிங் பலகை ஒன்று காற்றில் எழும்பியது. பிடிக்கப் போன பையன் பலகையோடு கீழே விழுந்தான். உயிர் பிழைத்தான், இடுப்பு எலும்பு போயிற்று. பிறகு அவன் சாரம் ஏறவேயில்லை. பாதுகாப்பு பெல்ட் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. ஸ்டோர் அலமாரியில் பூட்டி இருந்தது. சாவி என் பையில்!

'விதி' என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். நான் ஒப்பவில்லை. காற்றுக்குப் பிறந்த ஊரிலிருந்து வந்தவன் நான்.

சான்பிரான்சிஸ்கோவில் கோல்டன் கேட் பாலம் கட்டியபோது அடியில் வலை கட்டினார்கள். அது 19 பேரைப் பிழைக்க வைத்தது. 1937 பிப்ரவரியில் சாரமே பெயர்ந்து வலையைக் கிழித்து விழ, 10 பேர் இறந்தார்கள். வலை கட்டினால் மட்டும் போதாது, சாரத்தையும் சோதிக்க வேண்டும் என்பதே அதில் பாடம். நம் பக்கத்திலும் 2014-இல் மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த கட்டிடம் இடிந்து 61 பேர் மாண்டதை மறக்க முடியுமா?

நம் மாநிலத்தில் 1994-இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் வந்தது. 1996-இல் மத்தியச் சட்டம். 2020-இன் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. சட்டத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் வாரியத்தின் உதவித்தொகை விழுந்த பிறகு வருவது. விழாமல் தடுப்பது சைட்டில் நிற்கும் நம் கையில்.

தம்பி தங்கைகளே, மூன்றே விஷயம் சொல்கிறேன். எஸ்டிமேட்டில் சிமெண்டு, கம்பிக்கு எழுதுவதுபோல வலைக்கும் பெல்ட்டுக்கும் தனி வரி எழுதுங்கள். பெல்ட்டை இடுப்பில் கட்டினால் போதாது, உறுதியான இடத்தில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது வெறும் அரைஞாண். மூன்றாவது, 'வேண்டாம்' என்று மேஸ்திரியோ, பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளியோ சொன்னால், வேலையை நிறுத்துங்கள். அந்தச் சொல்லை அவர்கள் மொழியிலும் தெரிந்துகொள்ளுங்கள்.

2025 ஏப்ரலில் எங்கள் ஊரில் புதிய பாலம் திறந்தார்கள். 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி செங்குத்தாக எழும்புவதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். நீங்களும் வந்து பாருங்கள். ரயிலுக்குச் சிவப்பு விளக்கு போடத் தெரிந்த நமக்கு, சாரத்தில் நிற்பவனுக்கும் ஒன்று போடத் தெரியாதா? அந்த விளக்கு நீங்கள்தான்.