ஏணி ஏன் சறுக்குகிறது?



களத்துக் கொட்டகைச் சுவரிலே ஏணியைச் சார்த்தி ஏறுகிறோம். பாதி வரைக்கும் அசையாமல் நின்ற ஏணி, உச்சிக்குப் போனதும் அடியிலே சறுக்கிவிடுகிறதே, ஏன்?

ஏற்றத்துலாவை நினைத்துக்கொள்ளுங்கள். பாரம் அச்சைவிட்டுத் தள்ளிப்போகப் போக, திருப்பும் பலம் கூடும். ஏணிக்கு அடிக்கால்தான் அச்சு. நீங்கள் ஏற ஏற, சுவர்ப் பக்கமாகத் தள்ளிப்போகிறீர்கள். ஏணி சுவரை அழுத்தும். சுவரும் அதே அளவு திருப்பித் தள்ளும். அதைத் தாங்க அடியில் தரையின் உராய்வு ஒன்றுதான் உண்டு. சுவர் வழவழப்பு, அதன் பிடிமானம் கணக்கிலே வேண்டாம்.

ஏணி தொடும் உயரம் 12 அடி, அடிக்கால் சுவருக்கு 6 அடி தள்ளி. ஆள் 60 கிலோ, ஏணி 16 கிலோ. ஆள் உச்சியில் நின்றால், 60-ஐ 6-ஆல் பெருக்கி 12-ஆல் வகுக்க 30. ஏணியின் பாரம் நடுவில், 3 அடியில், அதற்கு 4. ஆக 34 கிலோ தள்ளல். சிமெண்டுத் தரை பாரத்தில் பத்துக்கு நாலு பங்கு பிடிக்கும் என்று வைத்தால், 76 கிலோவுக்குக் கிடைப்பது 30 கிலோதான். போச்சு! பத்தரை அடி உயரம் வரை தாங்கும், அதற்குமேல் தாங்காது.

அடிக்காலை 3 அடிக்கு நெருக்கிப் போட்டால் தள்ளல் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ரொம்ப நெருக்கினாலோ மல்லாக்க விழணும்!

துணைக்கு வருகிறவரைக் கீழ்ப்படியிலே ஏறி நிற்கச் சொல்லுங்கள். 50 கிலோ ஆளானால் பிடிமானம் 20 கிலோ கூடும், தள்ளலோ 2 கிலோதான் கூடும். தரையில் நெல்மணி சிந்திக் கிடந்தால் பத்துக்கு நாலு என்ற கணக்கே கிடையாது. முதலில் கூட்டிவிட்டு ஏணியைப் போடுங்கள்.