கடற்காக்கையின் வழி



இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையே, ஐரிஷ் கடலில் இருக்கிறது மேன் தீவு. கரையோரமாக அத்தீவையே சுற்றிவரும் நடைபாதை 1986-இல் திறக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 160 கிலோமீட்டர். விடுமுறைக்கு வருவோர் டக்ளஸ் நகரில் புறப்பட்டு, பாறை முகடுகளிலும் கூழாங்கல் கரைகளிலும் பல நாள் நடந்து, மீண்டும் அங்கேயே வந்து சேர்கின்றனர். நீலப் பலகைகளில் வெண்ணிறக் கடற்காக்கை ஒன்று வழிகாட்டுகிறது.

பாதையின் பெயர் ‘ராட் நி ஃபோய்லன்’. தீவின் பழைய மொழியான மேங்ஸில் ‘கடற்காக்கையின் வழி’ என்பது பொருள். பாதை திறப்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னரே, 1974-இல், அம்மொழியைச் சிறுவயது முதல் பேசி வளர்ந்தோருள் கடைசியானவரான மீனவர் நெட் மேட்ரல் மறைந்துவிட்டார். அவர் வளர்ந்த கிரெக்னீஷ் சிற்றூர் இப்பாதைக்கு அருகிலேயே உள்ளது.

பெயர்ப்பலகையில் மட்டும் ஒரு மொழி வாழ்ந்துவிடுமா? வாழாது என்பதைத் தீவினர் உணர்ந்தனர். 2001-இல் மேங்ஸ் வழியில் கற்பிக்கும் தொடக்கப்பள்ளி எழுந்தது. 2009-இல் யுனெஸ்கோ அம்மொழியை அழிந்தவற்றுள் சேர்த்தபோது, அப்பள்ளிக் குழந்தைகள் மேங்ஸிலேயே மடல் எழுதினர். அப்படியானால் இம்மடல் எம்மொழியில் உள்ளது என்று வினவினர். பட்டியல் திருத்தப்பட்டது.

நடப்பார் இல்லாத பாதையைப் புல் மூடும். பேசுவார் இல்லாத மொழியை மௌனம் மூடும். இரண்டையும் திறந்துவைப்பது அன்றாடப் புழக்கம் ஒன்றே. பத்தாண்டுகளாகக் கூடிப் பேசிவரும் இவ்வவை அதனை நன்கறியும்.